கிளட்சில் காற்று

என் வேன் எனக்கு மூத்த பிள்ளை மாதிரி. சொன்ன பேச்சு கேட்காது, ஆனால் சோறு போடும். ஆலை ஆட்களை ஏற்றி இறக்கும் ஓட்டத்தில்தான் என் வீடு நடக்கிறது. அன்று காலை ஆலை மேலாளர் வண்டியைச் சோதிப்பதாக இருந்தது. வண்டி சரியில்லையென்றால் ஓட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதற்கு முந்தின நாள் மதியம் பார்த்துத்தான் கிளட்ச் பெடல் தரையோடு படுத்துக்கொண்டது. பெடலுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன், விரலெல்லாம் எண்ணெய். மிதிக்கும்போது எண்ணெயைக் கிளட்சுக்குத் தள்ளும் மேல் சிலிண்டர் ஒழுகுகிறது. என் தம்பி மெக்கானிக். உடனே போன் செய்தேன். விடிந்ததும் வந்து புது சிலிண்டர் மாட்டினான். இனி எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை எடுத்தால் போதும்.

அது இரண்டு பேர் வேலை. மேலே இருப்பவர் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே படுத்திருப்பவர் சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி, திருகை மூடிவிட்டு, "விடு" என்பார். அதற்குப் பிறகுதான் காலை எடுக்கலாம். கீழே நடப்பது மேலே தெரியாது. குரலை நம்ப வேண்டியதுதான்.

"அமுக்குக்கா... விடு. அமுக்கு... விடு."

கெண்டைக்கால் கடுத்தது. பெடல் கொழகொழவென்றே இருந்தது.

"இன்னுமாடா காத்து வருது?"

"வந்துகிட்டே இருக்குக்கா. கிழட்டு வண்டி. பேசாம ஒரு கும்பிடு போட்டு வித்துடு."

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நானும் அஞ்சாமல் மிதித்தேன். தெருவில் இரைந்துகொண்டிருந்த லாரி போன பிறகுதான் ஸ்பேனர் சத்தம் காதில் விழுந்தது. "விடு" என்கிறான்; நான் காலை எடுக்கிறேன்; அதற்கப்புறம்தான் திருகை மூடுகிறான். வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது என் கால்தான்.

"நீ மேல வா. நான் கீழ படுக்கிறேன்."

"உனக்கெதுக்குக்கா அழுக்கு?"

"வாடான்னா வா!"

ஐந்தாறு தடவையில் பெடல் கெட்டியாகிவிட்டது.

"தூக்கக் கலக்கம்க்கா, கவனிக்கல" என்று தலையைச் சொறிந்தான். இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவனுக்குத் தூக்கக் கலக்கமாம்! ஆனாலும் நம்பிவிடத்தான் ஆசைப்பட்டேன். கூடப் பிறந்தவன் அல்லவா? அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆலைக்கு ஓட்டினேன்.

வாசலில் நின்ற மேலாளர் வேனைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"என்னப்பா இது? அக்கா வண்டி இனிமே தேறாது, வேற வண்டி போடுறேன், ஓட்டத்தை எனக்குக் கொடுங்கன்னு நேத்து சாயங்காலம் வந்து கேட்டியே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு நட்டைக்கூடத் தொடுவதற்கு முன்பே என் கழுத்தை அறுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு..."

"இறங்குடா" என்றேன். "சார் உட்காரணும். ஓட்டிக் காட்டணும்."