சாக்குத் திரை

கோணி ஊசி விரலில் குத்தியதும் சசிரேகா கையை உதறிக்கொண்டாள். எதிரே சம்மணமிட்டிருந்த கலாவதி சிரித்தாள்.

"இங்க கொண்டாங்க டீச்சர். சாக்குத் தெக்கற கையா அது?"

கலாவதி கிளியூர்ப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். துவைத்துக் காயவைத்த நாலு காப்பிச் சாக்குகளை அவள்தான் கொண்டுவந்திருந்தாள். ஒன்றின்மேல் ஒன்றாகத் தைத்து, பள்ளி மாடிப்படிக்குக் கீழே விளக்குமாறு போட்டுவைக்கும் அறைக்குத் திரையாக மாட்டினார்கள்.

கலாவதியின் மகள் சிவசக்திக்கு ஆட்டிசம். கட்டாயக் கல்விச் சட்டத்தில் கிடைத்த இலவச இடத்தில் இரண்டாம் வகுப்புப் படித்தாள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் நெற்றியை மோதுவாள். வேறு பள்ளிக்கூடம் பார்க்கச் சொல்லித் தாளாளர் பிரபாகர் கலாவதியை இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது.

சசிரேகா சிவசக்தியின் வகுப்பாசிரியை. சனி ஞாயிறுகளில் மலையிறங்கிச் சேலத்தில் ஆட்டிசம் பற்றி முதுநிலைப் பட்டயம் படித்துவந்தாள். சனிக்கிழமையும் பள்ளி உண்டென்பதால் அதற்குத் தாளாளரின் தயவு வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு போய் அவள் கற்றது இதுதான்: பிள்ளையை அடக்காதே, சத்தத்தைக் குறை.

திரைக்கு உள்ளே ஒரு பேசின் நிறையக் காய்ந்த காப்பிக்கொட்டை வைத்தாள். அதில் கையை விட்டு அளைவதென்றால் சிவசக்திக்கு உயிர். மணி அடிக்கும் முன்பே அவளை அங்கே அனுப்பிவிடுவாள் சசிரேகா. ஐப்பசி மழை ஓய்ந்து காப்பி பழுக்கத் தொடங்கியபோது அந்த நெற்றியில் புதுக் காயம் இல்லை. ஒருநாள் பிள்ளை தானே திரையை விலக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்து, "மணி முடிஞ்சுது" என்றாள்.

"முழுசாச் சொன்னாளுங்களா?" என்று கலாவதி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிரபாகரும் வந்து திரையைத் தூக்கிப் பார்த்தார். கோபப்படவில்லை. செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது மாடிப்படிக்குக் கீழே டைல்ஸும் வண்ண விளக்குகளும் வந்திருந்தன. கண்ணாடிக் கதவுக்கு மேலே 'ஆட்டிசம் சிறப்பு மையம்' என்று பலகை, அதில் சசிரேகாவின் சிரித்த முகம். சாக்குகள் குப்பைக்குழியில் கிடந்தன. பெங்களூரிலிருந்து பிள்ளைகள் பள்ளி விடுதியில் சேரப்போகிறார்களாம்.

"சிவசக்தி இனி எங்கீங்க சார் போவா?" என்று பிரபாகரிடம் கேட்டாள் சசிரேகா.

"ஃபீஸ் கட்டற பேரன்ட்ஸ் ஒத்துக்கமாட்டாங்க மேடம். கொஞ்ச நாளைக்கு ஊட்லயே இருக்கட்டும்."

"அவளுக்குன்னு செஞ்சதுங்க அது! அவங்கம்மா தெச்ச சாக்குங்க."

"சனிக்கிழமை லீவு குடுக்கறது யாருங்க? கடைசி செமஸ்டர் முடிக்கோணுமில்ல?"

சசிரேகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நோகாமல் நுங்கு தின்கிறவனுக்கு மிரட்டல் வேறு.

"படிப்பு போனாப் போவுதுங்க. அவ ஸ்கூலுக்கு வருவா."

பிரபாகர் செல்போனை எடுத்துத் திறப்பு விழாவுக்குப் பேண்டு வாத்தியம் ஏற்பாடு செய்தார்.

"பேண்டு மட்டும் வேண்டாங்க சார். ஆட்டிசம் இருக்கற புள்ளைங்களுக்கு அது நொம்பக் கஷ்டம்."

"திறப்பு விழாங்க மேடம் இது. எழவு ஊடா?"

விழாவன்று சிவசக்தி தலை வாரி, பூ வைத்து வந்திருந்தாள். மாடிப்படிக்கு எதிரே முற்றத்தில் போட்ட மேடையில் பிரபாகர் விருந்தாளிகளுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். முதல் டிரம் அடி விழுந்ததும் அவள் வகுப்பை விட்டு ஓடினாள். மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். உள்ளே, எட்டாத அலமாரியில், கண்ணாடி ஜாடிக்குள் அவளுடைய காப்பிக்கொட்டை இருந்தது.

"மணி முடியல, மணி முடியல" என்று சொல்லிக்கொண்டே அவள் கதவில் நெற்றியை மோதினாள்.

பின்னாலேயே ஓடிவந்த சசிரேகா நெற்றிக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையைக் கொடுத்தாள். அடுத்த மோதல் அவள் விரல்முட்டிகளில் இறங்கியது. அதற்கடுத்ததும்.

பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கேட்கும்படி மேடையிலிருந்து பிரபாகர் மைக்கில் கத்தினார்.

"மேடம், கண்ணாடி! கண்ணாடி பாத்துங்க!"