நாற்பத்தொரு புள்ளிகள்

சிகாகோவின் தெற்குப் பக்கம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், போலீசும் தெருக்காரர்களும் மாதாமாதம் உட்கார்ந்து பேசும் கூட்டம். சார்ஜென்ட் ரூயிஸ் என்ற பெண்மணி சுவரில் வரைபடத்தை மாட்டினாள். வீடு புகுந்து திருடினால் சிவப்புப் புள்ளி, கார் போனால் நீலம், வாசலில் வைத்த பார்சல் போனால் மஞ்சள். கிழவர் அலான்சோ பெட்வேயின் தெரு அம்மை வார்த்த முகமாக இருந்தது. பக்கத்துத் தெருக்கள் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

“நாப்பத்தோரு புள்ளி,” என்றான் வார்டு கவுன்சிலர் அலுவலகத்து டெரல். “இத்தன திருட்டு நடக்கற தெருவ மறிச்சு விருந்து நடத்த அனுமதி கெடையாது, பெரியவரே.”

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை தெருவை அடைத்து, பீப்பாய் அடுப்பில் பெட்வே விலா இறைச்சி சுடுவது முப்பது வருஷப் பழக்கம். அந்த ஒரு நாள்தான் அங்கே எல்லாக் கதவும் திறக்கும்.

“இதுல முப்பத்தெட்டு நீங்க குடுத்த புகார்தான்,” என்றாள் ரூயிஸ்.

“ஆமா. தெருவுல யாரு வீட்டுல போனாலும் நான்தான் சொல்றேன். உங்க ஆளுங்கள நான் நம்பறதில்ல. எழுதி வாங்கலேன்னா நடக்கவே இல்லேம்பீங்க.”

“பூந்தொட்டி காணோம்னு போன் பண்ணின மனுஷன்,” என்று சிரித்தாள் அடுத்த தெரு வெர்லீன்.

“ஜனவரியில குளிருக்கு வண்டி இன்ஜின ஓடவிட்டுட்டுக் காபி எடுக்க உள்ள போனியே, வண்டி என்னாச்சு?” என்று அவளைக் கேட்டார் பெட்வே.

“எவனோ ஓட்டிட்டுப் போயிட்டான். ரெண்டு தெரு தள்ளிக் கெடந்துச்சு.”

“புகார் குடுத்தியா?”

“அதான் கெடச்சிருச்சே.”

பெட்வே எழுந்தார். “குளிர்ல காரு, வெள்ளிக்கிழமை பார்சல், பள்ளிக்கூடம் லீவு விட்டா சைக்கிள். மழை பெஞ்சா ஒண்ணும் போகாது, திருடனுக்கும் நனைய இஷ்டமில்ல. எல்லாத் தெருவுலயும் இதேதான். நான் வாயத் தொறந்தேன், நீங்க முழுங்கிட்டீங்க. இந்த வருஷம் பறிகொடுத்தவங்க கையத் தூக்குங்க.”

ஒன்று, மூன்று, அப்புறம் அறை முழுக்கக் கை. செம்புக் குழாய் பறிகொடுத்த பாதிரியாரும் தூக்கினார்.

“கையப் படத்துல ஒட்ட முடியாது. புகாரா வேணும்,” என்றாள் ரூயிஸ்.

“அப்ப எழுது, தாயி.”

எல்லோரும் வரிசையில் நின்று சொன்னார்கள். ஒட்ட ஒட்ட மஞ்சள் புள்ளி தீர்ந்து, பச்சையை எடுத்தாள். கடைசியில் படத்திலிருந்த எட்டுத் தெருவுக்கும் அம்மை.

“கெழவனால எங்க விருந்தும் போச்சு,” என்றாள் வெர்லீன்.

“போகட்டுமே. எட்டுத் தெருவுக்கும் விருந்து இல்லேன்னு கவுன்சிலரே வந்து சொல்லட்டும். பிப்ரவரியில தேர்தல்தானே, தம்பி?” என்று டெரல் பக்கம் திரும்பினார் பெட்வே.

டெரல் வரைபடத்தைப் பார்த்தான், அறையைப் பார்த்தான். பையிலிருந்து அனுமதித் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

பெட்வேக்கு எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிக்க வரும். தாளை வெர்லீனிடம் நீட்டினார்.

“சனிக்கிழமைதானே போட்டிருக்கான்?”

“சனிதான்.”

“இன்னொரு தடவ படி.”