எலிகளுக்குக் கொடுத்த முருங்கை

ராகலைச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாத்தளைப் பக்கத்திலிருந்து முருங்கைக்கீரை வரும். மலைக்குளிரில் அந்த மரம் தழைக்காது. எட்டு மாதமாக முதல் கீரைக்கட்டை வாங்குகிறவள் ஜீவராணிதான்.

"ஒம் புருசன் வாயத் தொறந்தாவே கீரை வாசம் அடிக்குதுடி" என்று கூடத் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா கேலி பேசுவாள். ஜீவராணி சிரித்து மழுப்பிவிடுவாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. விஜிதரனுக்கு உயிரணுக்கள் மிகவும் குறைவு என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாகத் தேயிலைக்கு மருந்தடிக்கிறவன் அவன். அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகக் கம்பஸில் படிக்கும் தங்கை பிரியந்தி ஃபோனில் ஒன்று சொன்னாள். அவள் வகுப்பில் நடந்த சோதனையில், பூச்சிமருந்து கொடுத்த ஆண் எலிகளுக்கு முருங்கையிலைச் சாறும் கொடுத்தார்களாம். உயிரணுக்கள் அவ்வளவாகக் கெடவில்லையாம். ஜீவராணிக்கு அது போதுமாக இருந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறே அடுப்பில் கசாயச் சட்டி ஏறியது.

இந்த ஞாயிறு பிரியந்தி லீவில் வந்திருந்தாள். இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அந்த எலிங்களுக்கு எத்தன குட்டி பொறந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள் ஜீவராணி.

பிரியந்தியின் கை நின்றது. "குட்டி வரைக்கும் விடலக்கா. அறுத்துப் பாத்துத்தான் அணுவ எண்ணுனோம்."

"அறுத்தா?"

"ம். மருந்து குடுக்க முந்தியே சாறு குடுத்துருவோம். உள்ள போற நஞ்சு அணுவ அரிக்காம அது கொஞ்சம் தடுக்குது. ஏற்கனவே கெட்டுப்போனதுக்குச் சரிவருமான்னு நாங்க பாக்கவே இல்ல." அவள் குரல் தணிந்தது. "நீ இத மச்சானுக்குக் காச்சுவேன்னு எனக்குத் தெரியாதுக்கா."

ஜீவராணி கீரையைத் தள்ளி வைத்தாள். ஒரு மாதமாக விஜிதரன் மூக்கில் துணி கட்டாமல் மருந்தடிக்கப் போகிறான். கசாயம் காப்பாற்றும் என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

சாயங்காலம் அவன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். "கசாயத்த நம்பி மூக்கக் கட்டாம போகாதீங்க."

"அத நம்பியா கட்டாம போனேன்?" விஜிதரன் பெஞ்சில் உட்கார்ந்தான். "போன மாசம் ரெண்டாவது ரிப்போர்ட் வந்துச்சு. ஒரு அணுகூட இல்லையாம். இனி யாருக்காகக் கட்டணும்?"

ஜீவராணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப ஏன் தெனமும் குடிச்சீங்க?"

"நீ ஆத்தி ஆத்தித் தந்தியே."

ஜீவராணி அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுது முடித்துத்தான் சொன்னாள்: "புள்ளதான் இல்லன்னு ஆச்சு. நீங்களாவது எனக்கு வேணும். கவ்வாத்து வேலை கேளுங்க."

மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் விஜிதரன் முன்னால் போய் நின்றான். மருந்தை விட்டுவிட்டுத் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்கு மாற்றிவிடும்படி கேட்டான்.

"ஏன், மருந்துத் தொட்டி கனக்குதா?" என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கய்யா. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"வீட்டுல பயப்படுறாங்கய்யா."

"மருந்துக்கு ஆள் இல்லப்பா. அடுத்த மாசம் பாப்போம்."

அன்றும் தொட்டிதான் அவன் முதுகில் ஏறியது. ஜீவராணி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவன் ஏறிப் போகும் மலைப்பக்கம் திரும்பாமல் நடந்தாள்.