சலவை அறையில் கடல்

டெஸ் செத்த மறு வாரம் அவன் மனைவி நோலீனின் சலவை அறைக் குழாயில் கடல் வர ஆரம்பித்தது. நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றியது. அவள் ஊரான வில்காராவிலிருந்து கடற்கரைக்குப் போக ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். வழியெல்லாம் செம்மண்ணும் அடிபட்ட கங்காருக்களும்தான். மழை பொய்த்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாதென்று ஊர்ச் சபை தடை போட்டிருந்த காலம் அது. ஆகவே ஊரில் எழுந்த முதல் கேள்வி, இந்தத் தண்ணீருக்கும் தடை உண்டா என்பதுதான். சபை ஆள் வந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புத் தண்ணீரைப் பற்றித் தனக்கு உத்தரவு ஏதும் இல்லை என்று சொல்லிப் போனார்.

அந்தக் குழாயை டெஸ்தான் போட்டான். லைசென்ஸ் உள்ள ப்ளம்பர் மட்டுமே குழாயில் கைவைக்கலாம் என்பது சட்டம். வில்காராவிலோ ப்ளம்பரைக் கூப்பிடுகிறவனுக்குச் சிநேகிதர்கள் இல்லை என்று அர்த்தம். சிநேகிதர்கள் உள்ளவன் ஒரு பெட்டி பீர் வாங்கி வைப்பான். சனிக்கிழமை மூன்று பேர் வீட்டுக்கு அடியில் தவழ்ந்துபோவார்கள். மாலையில் தண்ணீர் ஏதாவது ஒரு குழாயில் வரும். டெஸ் கடலோரத்து மீன்பிடிக்காரன் மகன். ஒரு வருஷம் கடலோரத்தில் வாழலாம் என்று சொல்லித்தான் நோலீனைக் கட்டினான். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பருவம், வறட்சி, வெள்ளம், மறுபடி வறட்சி என்று அந்த ஒரு வருஷம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நோலீன் கடலைக் கண்ணால் பார்க்காமலே கிழவியானாள். அதை அவள் அவனிடம் சொல்லிக்காட்டாத கிறிஸ்துமஸ் கிடையாது.

வந்த கடல் வீட்டைத் தின்றது. ஏற்றத்தின்போது துணி துவைக்கும் தொட்டி நிரம்பி வழிந்து, தரைப்பலகை இற்று, வீட்டைத் தாங்கி நின்ற கட்டைகளில் இரண்டு உள்வாங்கின. அடுப்பில் வைத்த கெட்டில் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து நின்றது. அந்த வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீர் கழித்து வளர்த்த எலுமிச்சை மரம் இலை உதிர்த்தது. லைசென்ஸ் இல்லாதவன் செய்த வேலைக்கு இழப்பீடு கிடையாது, லைசென்ஸ்காரர் ஒருவர் சரிசெய்து கையெழுத்துப் போட்டால் தரையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றது காப்பீட்டு நிறுவனம். மகள் கெரின் நகரத்திலிருந்து ஃபோன் செய்து, வீட்டை விட்டுவிட்டு வா, ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றாள். சும்மா கிடக்கும் அறையில் தானும் சும்மா கிடக்க நோலீனுக்கு விருப்பமில்லை. இந்த வீட்டிலேயே சாக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

முதலில் டெஸ்ஸின் ஆத்ம சிநேகிதன் ப்ளூவைக் கூப்பிட்டாள். அந்தக் குழாயைப் போட்டபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இருந்தவனே அவன்தான்.

"வெட்டி விட்டுரு ப்ளூ."

"டெஸ் போட்ட ஜாயிண்ட்ட நான் கழட்டுறதா? ஆகாது நோலீன். அவன் என்ன நெனப்பான்?"

"அவன் நெனைக்கிறது இருக்கட்டும். வீடு விழுதே."

"அதெல்லாம் விழாது. சரியாப் போயிடும்."

காட்டுத்தீ, பாம்புக்கடி, வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் வில்காரா ஆண்கள் வைத்திருந்த மருந்து இந்த ஒரு வாக்கியம்தான்.

லைசென்ஸ் ப்ளம்பர்கள் எல்லாரும் கடற்கரை நகரங்களில் அடுக்குமாடி கட்டப் போயிருந்தார்கள். ஒருவர் ஈஸ்டருக்குப் பிறகு வருகிறேன் என்றார்; எந்த ஈஸ்டர் என்று சொல்லவில்லை. வேனில் பெரிய குழாய்ப் படம் வரைந்த ஒருவர் வந்தே விட்டார். லைசென்ஸ் அட்டையைக் காட்டு என்றாள் நோலீன். வேறு கால்சட்டையில் இருக்கிறது என்றார். "அப்ப அந்தக் கால்சட்டையப் போட்டுக்கிட்டு வாப்பா" என்று கதவைச் சாத்தினாள். குளிர்காலம் இப்படியே போயிற்று. தொட்டியில் சின்ன மீன்கள் வரத் தொடங்கின. அவள் மாவில் புரட்டிப் பொரித்துத் தின்றாள், கோபத்தோடுதான். உயிரோடு இருந்தபோது கூட்டிப்போகாதவன், செத்த பிறகு அனுப்பிவைக்கிறான். அதிலும் வீட்டை இடித்துக்கொண்டு.

வசந்தத்தில் சிலா ஃபோனுவா வந்தாள். பசிபிக் கடலின் டோங்காத் தீவுக்காரி, பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் குழாய் போட வந்த ப்ளம்பர். லைசென்ஸ் எண்ணை வண்டிக் கதவில் எழுதியிருந்தாள், கேட்பதற்கு முன்பே அட்டையை நீட்டினாள். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு அடியில் போய், தலையெல்லாம் செம்மண்ணோடு திரும்பி வந்தாள்.

"ஒரு ஜாயிண்ட்கூட விதிப்படி இல்லம்மா. ஆனா எங்கேயும் கசியல. ஏத்தத்துக்கு வழி வச்ச மனுஷன் வடிகாலுக்கு வழி வைக்கல, அதான் வழிஞ்சு தரையத் தின்னுருக்கு. வெட்டிடவா?"

"வெட்டினா மறுபடி வருமா?"

"வராதும்மா. வெட்டினா வெட்டினதுதான்."

ஆம் என்று சொல்லத்தான் நோலீன் இத்தனை மாதம் காத்திருந்தாள். அது வற்றும் நேரம். தண்ணீர் குழாய்க்குள் நீளமாக ஒரு மூச்சு விட்டுப் பின்வாங்கியது. வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்போது டெஸ் விடுகிற மூச்சு. தனக்குக் கிடைத்தவனும் தன்னை விட்டுப் போனவனும் அந்த ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"சட்டப்படி வச்சுக்க ஏதாச்சும் வழி இருக்கா?" என்றாள்.

சிலா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து யோசித்தாள். குடிக்க ஆகாத தண்ணீர் இளஊதா நிறக் குழாயில் வர வேண்டும். குடிநீரோடு கலக்காமல் தடுக்கும் வால்வு வேண்டும். குடிக்காதே என்று பலகை மாட்ட வேண்டும். எங்கிருந்து வர வேண்டும் என்று விதி ஒன்றும் சொல்லவில்லை. டெஸ்ஸின் பழைய குழாயிலிருந்து இளஊதாக் குழாய் ஒன்றை இழுத்து, கொல்லையில் கிடந்த பழைய குளியல் தொட்டியில் விட்டாள். தொட்டிக்கு எலுமிச்சையிலிருந்து தள்ளி நல்ல வடிகால் வைத்தாள். ப்ளூ ஒரு பெட்டி பீரோடு வந்தான். அவள் சர்ச்சுக்காரி, குடிப்பதில்லை என்று தெரிந்ததும், அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் வேலை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். சான்றிதழில், நீரின் ஆதாரம் என்ற இடத்தில் சிலா 'கடல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரசாங்க ஆய்வாளர் வந்து குழாயின் நிறம் சரியா, வால்வு சரியா என்று பார்த்து ஒப்புதல் கொடுத்தார். போகும்போது, மீன் காலையில் விழுமா மாலையிலா என்று கேட்டார். தரை நிமிர்ந்தது, கெட்டில் வைத்த இடத்தில் நின்றது.

டெஸ் செத்து ஒரு வருஷம் முடிகிற அன்று நோலீன் விடிவதற்கு முன்பே கொல்லைத் தொட்டியில் போய் உட்கார்ந்தாள். அவன் ஒரு வருஷம் என்றுதானே சொல்லியிருந்தான், அது முடிந்ததும் கடல் நின்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம். கெரின் ஃபோன் செய்தாள், எடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ப்ளூ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஏற்ற நேரம் வந்தது. குழாய் கொஞ்சம் இருமியது, பிறகு கடல் வந்தது.

இது ஆறாவது வருஷம்.