பதினாறு நிறுத்தம் தள்ளி ஒரு கன்னம்

அக்காவுக்குப் போட்ட ஊசியில் தங்கையின் கன்னம் நிறைந்தது. இருவர் வீட்டுக்கும் நடுவே பதினாறு பேருந்து நிறுத்தங்கள். நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு மேல்.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அடுத்தவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, சட்டம் மூக்கில் உட்கார்கிறதா, காதோரம் கடிக்கிறதா என்று நாளெல்லாம் பார்க்கிற வேலை. கடை முழுக்க நிலைக்கண்ணாடி. நாற்பத்தாறு வயதில் தன் கன்னங்கள் ஒட்டிப்போயிருப்பதை எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்க்க வேண்டியிருந்தது. வருத்தம் என்று சொல்ல முடியாது. வருத்தம், சந்தோஷம் எல்லாம் அம்மா செத்த வருஷத்தோடு அவளுக்கு மரத்துப்போயிருந்தன. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் தங்கை. எல்லாம் முடிந்தபின் வந்து நின்ற அக்காவிடம், "இப்ப என்னத்துக்கு வந்தே?" என்று கேட்டாள். அக்கா உள்ளே வராமலே திரும்பினாள். அதன்பின் ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது.

முக அழகு மருத்துவமனையில், கன்னத்தை நிரப்புகிற ஊசியைப் பற்றி எல்லோரும் கேட்பதையே அவளும் கேட்டாள். வலிக்குமா? களிம்பு தடவி மரக்கவைத்துவிடுவோம். எத்தனை நாள் நிற்கும்? எட்டு மாதம், சிலருக்கு ஒரு வருஷம். பிடிக்காவிட்டால்? கரைக்க வேறு ஊசி இருக்கிறது. போட்ட இடத்திலிருந்து நகருமா? "எப்பவாவது, கொஞ்சூண்டு நகரலாம்" என்றார் டாக்டர்.

ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்தும் கன்னம் பழையபடி ஒட்டியே இருந்தது. டாக்டர் கட்டைவிரலால் அழுத்தி, தாடை, கழுத்துவரை தடவித் தேடினார். உள்ளே ஒன்றும் அகப்படவில்லை. எதற்கும் கரைக்கிற ஊசியைப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று வியாழக்கிழமை வரச் சொன்னார்.

புதன்கிழமை தங்கையின் புருஷன் கடைக்கு வந்தான். கண்ணாடி வாங்க வந்தவனைப் போல ஒரு சட்டத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். தங்கைக்கு வயிற்றில் புற்றுநோய், ஆறு மாதமாக மருந்து ஏறுகிறது, சோறு இறங்குவதில்லை, எலும்பும் தோலுமாகிவிட்டாள் என்று அவன் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும்.

"ரெண்டு வாரம் முன்னாடி, அண்ணி, கன்னத்துல கொசு கடிச்ச மாதிரி மூணு மூணு புள்ளி. அரைமணி நேரத்துல முகம் பூசினாப்பல ஆயிடுச்சு. உடம்பு அப்படியேதான் இருக்கு, முகம் மட்டும். கண்ணாடியக் கேட்டு வாங்கிப் பார்த்தா. எந்திரிச்சு உட்கார்ந்து, 'அக்கா என்னமோ பண்ணியிருக்கா, போய்க் கேளு'ங்கிறா."

அக்கா அந்தச் சட்டத்தை வாங்கித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தாள். மறுநாள் போய், கரைக்கிற ஊசி வேண்டாமென்றாள். நெற்றிப்பொட்டில் போடலாமா, கண்ணுக்குக் கீழே குழி நிரம்புமா, புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிற உடம்புக்கு ஆகுமா என்று கேட்டாள்.

"உங்களுக்கா மருந்து ஏறுது?"

"எனக்கில்ல. தங்கச்சிக்கு."

டாக்டர் சற்று நேரம் பேனாவை மூடித் திறந்தார். தங்கையின் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னார். அந்த டாக்டர் தங்கையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்று வருஷத்தில் அக்கா ஐந்து முறை ஊசிக்குப் படுத்தாள். ஒவ்வொரு முறையும் அங்கிருந்து நேராகத் தங்கை வீடு. அம்மாவைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. "மூக்கோரம் கொஞ்சம் கூடிப்போச்சுக்கா, அடுத்த தடவ பார்த்துப் போடச் சொல்லு" என்பாள் தங்கை. உதடு மரத்திருப்பதால் அக்காவுக்குத் தேநீர் வாயோரம் வழியும். தங்கை கைநீட்டித் துடைத்துவிடுவாள். துடைப்பது அக்காவின் கண்ணுக்குத் தெரியும், தோலுக்குத் தெரியாது. பார்க்க வந்தவர்கள், இந்த முகத்துக்கு நோயா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நோய்க்கு முகத்தில் அக்கறை இல்லை. அது வயிற்றில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறாவது முறை, இடது கன்னத்தில் போட்டுவிட்டு வலதுக்குத் திரும்பிய டாக்டர் ஊசியோடு நின்றார். "பாருங்கம்மா, நின்னுடுச்சு!" என்று சந்தோஷமாகக் கைக்கண்ணாடியை நீட்டினார். இடது கன்னம் அவள் முகத்திலேயே நிறைந்திருந்தது.

அக்கா இறங்கி, களிம்பைக்கூடத் துடைக்காமல் பேருந்து ஏறினாள். யாருக்கும் போன் செய்யவில்லை. பதினாறு நிறுத்தமும் நின்றுகொண்டே போனாள்.

தங்கையின் புருஷன் வாசலில் நின்றிருந்தான். "இப்பத்தான், அண்ணி. உங்களுக்கு யார் சொன்னது?"

அக்கா கன்னத்தைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, சரி என்று வழிவிட்டான்.

உள்ளே போய்த் தங்கையின் கன்னத்தில் கை வைத்தாள். களிம்பு தடவியது முகத்துக்குத்தான். கைக்கு எல்லாம் தெரிந்தது. சூடு இன்னும் இருந்தது. அது ஆறும்வரை கையை எடுக்கவில்லை.

வலது பக்கத்துக்கு எப்போது வருகிறீர்கள் என்று மருத்துவமனையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள். இது போதும் என்றாள். ஒரு பக்கம் நிறைந்தும் ஒரு பக்கம் ஒட்டியுமாக அவள் கடைக்கு வந்துபோனாள். வாடிக்கையாளர்கள் முதல் வாரம் உற்றுப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.