ஒரு கையுதறல்

ஏரிக்காற்று அனோஜாவின் பாவாடையை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்காபரோவின் மண்மேட்டுக்குக் கீழே, கரையில், இந்திப் படத்துக்குப் பாட்டு எடுத்தார்கள். நாயகிக்குப் பின்னால் ஆட உள்ளூர்ப் பெண்கள் சிலரைச் சேர்த்திருந்தார்கள். அனோஜாவுக்குக் கடைசி வரிசை. சும்மா நிற்க அவளால் முடியவில்லை. பாட்டு நின்ற பிறகும் குதிகால் மணலைத் தோண்டிக்கொண்டே இருந்தது.

நாற்காலியில் கம்பளிக்குள் ஒடுங்கியிருந்தவர் வேரோனிக்கா மாஸ்டர். தாராவியில் பிறந்த தமிழ்ப்பெண். இந்தி சினிமாவின் பெரிய நாயகிகளெல்லாம் அவர் சொன்னபடிதான் இடுப்பை அசைத்தார்கள். கல்யாண வீடுகளில் சனம் ஆடுவது அவருடைய ஆட்டம். அறைக்கதவைச் சாத்தி, போனைக் கண்ணாடியில் சாய்த்து, அனோஜா ஆடிப் பழகியதும் அதைத்தான்.

"கட்!" மாஸ்டர் எழுந்தார். "ஏ, கடைசிப் பொண்ணு! அந்தக் கையுதறல் யாரு சொல்லிக் குடுத்தா?"

அனோஜா தன் கையைப் பார்த்தாள். வேலை செய்யும் கோப்பிக்கடையில் கோப்பை கழுவி ஈரத்தை உதறும் பழக்கம் அது. சுழன்று முடிக்கும்போது கை தானாகவே செய்துவிடுகிறது.

"ஒருத்தரும் இல்லை, மாஸ்டர். தன்பாட்டில வருது."

"வருதா? எல்லார் கண்ணும் உன் மேலதான் போகுது. ஹீரோயின் யாரு, நீயா?"

பெண்கள் சிரித்தார்கள். நாயகி சிரிக்கவில்லை. காலையிலிருந்து அந்தச் சுழற்சி அவளுக்கு வசப்படவே இல்லை.

"இங்க வா. கேமராவுக்குப் பின்னால நில்லு. நீ ஆடு, ஹீரோயின் உன்னைப் பார்த்து ஆடட்டும்."

"அப்ப நான் படத்தில..."

"வரமாட்டே." மாஸ்டர் கம்பளியை இழுத்து மூடினார். "நானும் அங்கதான் ஆரம்பிச்சேன். எங்கம்மா தியேட்டர் தியேட்டரா என் மூஞ்சியைத் தேடுவா. இஷ்டம் இல்லையா, பழைய வரிசைக்கே போ. ஆனா கையை அடக்கிக்கோ. வெயில் வரட்டும், அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

அனோஜா கரையோரம் அங்குமிங்கும் நடந்தபடி அம்மாவுக்குப் போன் அடித்தாள். மகள் படத்தில் வருகிறாள் என்று அம்மா றோசலின் மாதாகோயில் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

"அம்மா, நான் படத்தில வராட்டி?"

"என்னடி விசர்க்கதை? ஃபாதருக்கும் சொல்லிப்போட்டன். ஒரு மூலையிலயெண்டாலும் நில்."

"மூலையில கையக் கட்டிக்கொண்டு நிக்கோணும். வடிவா ஆடேலாது."

"உன்ர ஆட்டத்தை ஆரடி பாக்கப்போகினம்? முகம் தெரிஞ்சாக் காணும்."

அனோஜா போனைக் காதிலிருந்து எடுத்தாள். மேகம் விலகி, ஏரி முழுவதும் ஒரே நொடியில் வெள்ளித்தகடாக மாறியது. கடைசி வரிசையில் அவள் நின்ற இடம் இன்னும் வெறுமையாக, குதிகால் தோண்டிய குழியோடு கிடந்தது. அதைத் தாண்டி நடந்து, கமராவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

பாட்டு எழுந்தது. யாருக்கும் தெரியாத அந்த இடத்தில் அனோஜா கையை அடக்கவில்லை. எதிரே நாயகியின் கண்கள் அவளையே பற்றிக்கொண்டிருந்தன. இருவரும் ஒன்றாகச் சுழன்றார்கள். முடிக்கும்போது நாயகியின் விரல்களும் இல்லாத ஈரத்தை உதறின.

மாஸ்டர் கட் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் நாயகியிடம் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு, பின்வரிசைகளைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் அந்தக் கையைப் போடுங்க! இன்னொரு டேக்!"

போன் அதிர்ந்தது. அம்மாவின் செய்தி: எந்த வரிசையிலடி நிக்கிறாய்?

அனோஜா போனைக் கமராப் பெட்டியின்மேல் கவிழ்த்து வைத்தாள். பாட்டு இன்னும் தொடங்கவில்லை. குதிகால் மணலைத் தோண்ட ஆரம்பித்துவிட்டது.