அலுமாரியைக் கிடத்திய நாள்

என் அண்ணன் சிவகுருவும் என் கணவர் குலசிங்கமும் ஒரே கிணற்றில் இறைத்துக்கொண்டே இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள். அனலைதீவில் இதை ஒருவரும் அதிசயமாக நினைக்கவில்லை. கிணற்றில் பாதிப் பங்கு எங்களுக்கு, பாதி அண்ணனுக்கு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. அண்ணனின் முறை நாளில் இவர் கொஞ்ச நேரம் கூடுதலாக இறைத்துவிட்டாராம். இல்லை, அண்ணன்தான் நேரத்துக்கு முந்தி வந்து நின்றாராம். அந்தச் சண்டையில் இதற்குமேல் ஒன்றுமே இல்லை. “இனி உங்கட வாசற்படி மிதியன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. பாழாய்ப்போன பெருமை.

எஞ்சினும் பொதுதான். நல்லாயிருந்த காலத்தில் இரண்டு பேருமாகப் பழைய கார் எஞ்சின் ஒன்றை வாங்கி, வள்ளத்தில் ஏற்றிவந்து, இறைக்கிற பம்போடு பூட்டினார்கள். பேச்சு நின்ற இரண்டாம் வருடப் போகத்தில், புகையிலைக் கன்று முழங்காலளவுக்கு வந்த நேரம் பார்த்து அது வெள்ளைப் புகை கக்கத் தொடங்கியது. எண்ணெய்க்குள் தண்ணீர் இறங்கி, எண்ணெய் பால்தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. எங்கள் முறை நாளில் இவர் மேல்மூடியைக் கழற்றினார். ஹெட் என்பார்கள் அதை. அதற்குக் கீழே நெருப்பையும் தண்ணீரையும் பிரித்து வைக்கிற கஸ்கெற் தகடு எரிந்திருந்தது. இவர் வேறொன்று போட்டுப் பூட்டினார். அது ஒழுக, தன் முறை நாளில் அண்ணனும் கழற்றிப் பூட்டினார். ஒருவர் செய்ததை மற்றவருக்குச் சொன்னால் வாய் வெந்துபோகுமல்லவா. எஞ்சின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

அப்போதுதான் அண்ணன் தன் பங்கை விற்றுவிட்டுக் கிளிநொச்சிக்குப் போகப்போகிறார் என்று கதை வந்தது. வாங்குவதற்குத் தம்பிராசா என்றொருவர் வெள்ளிக்கிழமை வருவாராம். அண்ணனைக் கிணற்றடியில் கண்டு கேட்டேன்.

“எஞ்சின் சரிவந்தா யோசிப்பன், சறோ. சரிவராட்டிப் போறதுதான்” என்றார்.

தாய் தகப்பன் போன பிறகு எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் அவர். வீட்டுக்கு வராவிட்டாலும் விடியற்காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இருமுகிற சத்தமாவது கேட்கும். அதுவும் இல்லாமல் போகப்போகிறது.

ஊர்காவற்றுறையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் பார்க்கிற பஸ்ரியாம்பிள்ளைக்கு நானே ஆள் விட்டேன். புதன்கிழமை காலை வள்ளத்தில் அவர் வந்தார். ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். பழைய கஸ்கெற் துண்டுகள் தோசைக்கல்லில் பிடித்த கருகல் மாதிரி அதில் ஒட்டிக் கிடந்தன.

“இதை ஆர் சுரண்டினது?”

இவர் பனையைப் பார்த்தார். அண்ணன் கிணற்றுக்குள் பார்த்தார்.

“அப்ப ரெண்டு பேரும்தான். ஒராள் உளியால காயப்படுத்தியிருக்கிறார். மற்றாள் சுரண்டாமலே பெயின்ற் பூசியிருக்கிறார். இந்தப் பக்கத்தை ஒராள் இறுக்கினது, அந்தப் பக்கத்தை மற்றாள். ஹெட் வளைஞ்சுபோச்சு.” இரும்பு அடிமட்டத்தை அதன்மேல் நிமிர்த்தி வைத்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

வளைந்த ஹெட்டுக்குப் புதுக் கஸ்கெற் போட்டும் பிரயோசனம் இல்லையாம். யாழ்ப்பாணம் கொண்டுபோய்ச் சீவி எடுக்க ஒரு கிழமை செல்லும். புகையிலை அதுவரை தாங்காது. மற்ற வழி, தடித்த கண்ணாடியில் சொரசொரப்பான எமறிக் கடதாசியை ஒட்டி, அதன்மேல் ஹெட்டை வைத்துத் தேய்த்து மட்டமாக்குவது.

“என்ர சீதன அலுமாரியில தடிச்ச கண்ணாடி கிடக்கு” என்றேன்.

“கழட்டிக்கொண்டு வாங்கோ.”

அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. “கழட்ட ஏலாது. கழட்டினா வெடிச்சுப்போம். அலுமாரியைக் கிடத்திவிடுறன், வீட்டை வந்து தேயுங்கோ.”

பஸ்ரியாம்பிள்ளை வந்து பார்த்தார். கண்ணாடியின் நான்கு மூலையிலும் நான்கு திருகாணிகள். சின்னப்பிள்ளையும் கழற்றும். திருகாணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓம், ஏலாதுதான்” என்றார். நல்ல மனிதர்.

“ஒராள் தேய்ச்சா தன்ர பக்கம் சாய்ஞ்சுபோம். ரெண்டு பேர் எதிரெதிரா இருந்து ஒரே அளவா அமத்த வேணும். எஞ்சினில கிடக்கிற கீழ்ப்பக்கத்தை நான் துப்பரவாக்கிறன்.”

அண்ணனும் இவரும் ஆளுக்கொரு நுனியாக ஹெட்டைத் தூக்கி வந்தார்கள். இவர் உள்ளே வந்துவிட்டார். அண்ணன் படிக்கு வெளியே நின்றுவிட்டார்.

“அண்ணை, சபதத்தைச் செருப்போட வெளியில கழட்டி வையுங்கோ. போகேக்க போட்டுக்கொண்டு போகலாம்” என்றார் பஸ்ரியாம்பிள்ளை. ஹெட் நல்ல பாரம். அண்ணன் உள்ளே வந்தார்.

ஹெட்டின் அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறப்பட்டது. தேய்க்கத் தேய்க்கக் கோடு எல்லா இடமும் அழியவேண்டும். அழியாத இடம் பள்ளம். அதைச் சொல்லிவிட்டுப் பஸ்ரியாம்பிள்ளை கிணற்றடிக்குப் போனார், சிலிண்டர் வாய்களில் துணி அடைத்து வைத்துக் கீழ்முகத்தைச் சுரண்டுவதற்கு.

முதல்தரம் தேய்த்துத் திருப்பினால், இவர் பக்கத்தில் கோடே இல்லை. அண்ணன் பக்கத்தில் கீறினபடியே கிடந்தது.

“சறோ, உவரை அமத்த வேண்டாமெண்டு சொல்லு” என்றார் அண்ணன்.

“சறோ, உன்ர கொண்ணரைக் கையை வைச்சுத் தேய்க்கச் சொல்லு” என்றார் இவர்.

கொஞ்ச நேரம் இருவருக்கும் நடுவே தபால்காரி வேலை பார்த்தேன். பிறகு, உலை கொதிக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன். உலை வைக்கவே இல்லை.

தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணனின் குரல்.

“மச்சான், நீர் அமத்திறீர்.”

“நீர்தான் கையை இளக்கிறீர்.”

“அண்டைக்கும் இப்பிடித்தான் கதைச்சனீர்.”

அவ்வளவுதான், இரண்டு வருடச் சண்டை தொடங்கிவிட்டது. குரல் ஏற ஏறத் தேய்க்கிற சத்தமும் ஏறியது. சட்டென்று நின்றது. திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

“பாரும், கோவத்தில இந்த மூலை அளவுக்கு மிஞ்சித் தேய்ஞ்சுபோச்சு” என்றார் அண்ணன்.

“ஓம். மெல்லமாக் கதையும்” என்றார் இவர்.

அதற்குப் பிறகு நடந்ததைப் போல ஒரு சண்டையை நான் கேட்டதில்லை. கை சமமாக இருக்கவேண்டுமே என்று குரலையும் சமமாக வைத்துக்கொண்டு சண்டை பிடித்தார்கள்.

“நீர் என்னைக் கள்ளனெண்டு சொன்னனீர்” என்றார் இவர், மெதுவாக.

“சொன்னனான்.” ஹெட்டைத் திருப்பி வைக்கிற சத்தம். “கோவத்தில சொன்னனான். சொல்லிப்போட்டு நித்திரை வரேல்லை.”

மறுபடி தேய்க்கிற சத்தம். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பஸ்ரியாம்பிள்ளை வந்து பார்த்தபோது ஒரு கோடும் இல்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தான் கொண்டுவந்த புதுக் கஸ்கெற்றை வைத்து, நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பேரையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னார். எஞ்சின் பிடித்தது. வெள்ளைப் புகை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு அவர் பின்னேர வள்ளத்துக்குப் போனார்.

அண்ணனும் கிணற்றடியிலிருந்து நேரே தன் வீட்டுக்குப் போய்விட்டார். கிளிநொச்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்க எனக்கும் பயம்.

அலுமாரி மல்லாந்து கிடந்தது. நிமிர்த்த ஒரு ஆள் வேண்டும், பக்கத்து வீட்டு ஏரம்புவைக் கூப்பிடுகிறேன் என்று இவர் எழும்பினார்.

“ஏரம்பண்ணைக்கு இடுப்பு நோ. கிடக்கட்டும் விடுங்கோ” என்றேன். ஏரம்புவின் இடுப்பில் ஒரு குறையும் இல்லை.

விடிய, வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நான் அடுப்பூதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த இருமல் வாசலில் கேட்டது.

“அலுமாரி கிடத்தினபடியே இருக்குமெண்டு வந்தனான்” என்றார் அண்ணன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானாகவே உள்ளே வந்தார்.

இருவருமாக நிமிர்த்தினார்கள். கண்ணாடியின் ஒரு கரையில் எமறி பட்ட கீறல் இருந்தது. அண்ணன் அதைத் தன் சால்வையால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் அவருக்குப் பின்னால் நான் நின்றேன்.

“சறோ, உனக்கு நரைச்சுப்போச்சு.”

“நீங்கள் வராத காலத்தில நரைச்சது, அண்ணை.”

அவர் திரும்பவும் அந்தக் கீறலைத் துடைத்தார்.

“நாளைக்குத் தம்பிராசா பங்கு பாக்க இஞ்சால வருவான்” என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே. “தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடு. கிணறு விக்கிறதுக்கில்லையெண்டு சொல்லு.”